மாஸ்டரை அனுப்ப மாட்டேன்!

எண்பதுகளின் தொடக்கம். புதுச்சேரியில் முத்தியால்பேட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு ரொட்டிக்கடை இருந்தது. மாமனார் போட்ட கடை. அவர் காலமான பிறகு நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் கணவர் அரசு ஊழியர். அப்போது அவரை மாஹேக்கு மாற்றியிருந்தார்கள். புதுச்சேரி அரசில் வேலை என்றால் காரைக்கால், மாஹே, ஏனாம் என்று ஒரு சுற்றுப் போய் வந்துதான் ஆக வேண்டும். மாதக் கடைசியில் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் வீடு, இரண்டு பிள்ளைகள், கடை எல்லாவற்றுக்கும் நான்தான்.

கடையில் மாவையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டவரை நாங்கள் மாஸ்டர் என்று அழைப்போம். ஐம்பதை நெருங்கிய ஆள். ஒல்லி உடம்பு, முன்பல் இல்லாத சிரிப்பு. சிறு வயதில் ரொட்டிக்கடையில் தொழில் பழகி, பிறகு ஊரில் இருந்த பஞ்சாலை ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்தவர். ஒரு வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார் என்று அவரை நீக்கிவிட்டார்கள். என்னிடம் வேலை கேட்டு வந்த அன்றே அதைச் சொன்னார்.

"என் பேரைச் சொன்னா ஆலையில சில பேருக்கு ஆவாதும்மா. பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படக் கூடாது. யோசிச்சு சேத்துக்குங்க."

எங்கள் ரொட்டியில் பாதிக்கு மேல் அதே ஆலையின் கேன்டீனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை நானும் அவரிடம் சொன்னேன். யோசித்தேன். சேர்த்துக்கொண்டேன்.

மறு வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து வாரக்கணக்கில் படுத்துவிட்டேன். கடைச் சாவி மாஸ்டரிடம் இருந்தது. எழுந்து நடக்க முடிந்ததும் கடைக்குப் போனேன். நலம் விசாரிப்பதற்கு முன்பே அவர் சொன்னது: "ஒரு நாள் அசந்துட்டேம்மா. ஒரு அடுப்பு ரொட்டி மொத்தமா கருகிப்போச்சு. வாடிக்கைக்காரங்க கிட்ட நெசத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்." அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. மற்றபடி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அன்றிலிருந்து கடையைப் பற்றிய கவலையில் பாதி எனக்குக் குறைந்தது.

கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என் கணவரின் பெரியப்பா மகன். எனக்கு மூத்தார் முறை. மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஆர்டர் எங்களுக்கு வந்ததே அவரால்தான். அதை அவர் மறந்ததும் இல்லை, எங்களை மறக்க விட்டதும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம் அவர் கடைக்கு வந்தார். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்கட்டில் மாஸ்டர் மறுநாளைக்கான மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பேசினால் அந்தப் பக்கம் கேட்கும்.

"ஆலையில கேக்குறாங்கம்மா. நாங்க வெளியில தள்ளுன ஆளு சுட்ட ரொட்டியை நாங்களே காசு குடுத்து வாங்கித் திங்கணுமான்னு. அவனை அனுப்பிடு. நான் வேற ஆள் பாத்துத் தரேன்."

"அவர் என்ன தப்பு பண்ணார் மாமா?"

"தப்பு பண்ணாரா இல்லையான்னு பஞ்சாயத்து வைக்கவா வந்திருக்கேன்? நமக்கு வியாபாரம் முக்கியம். நம்ம குடும்பத்துக் கடை."

அவர் குரலை உயர்த்தினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்றே உயர்த்தினார் என்று இன்றும் நினைக்கிறேன்.

"தம்பி மாஹேயில கெடக்குறான். இங்க நீ ஒரு வெளி ஆம்பளையை வச்சிக்கினு கடை நடத்துற. நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க."

கல்லாவை விட்டு எழுந்து அவர் எதிரில் வந்து நின்றேன்.

"அந்த நாலு பேர்ல நீங்க எத்தினியாவது ஆளு மாமா?"

அவர் முகம் சுருங்கியது. பின்கட்டில் மாவு அறையும் சத்தம் நின்றுபோனது.

"அவனா, ஆர்டரான்னு இப்பவே சொல்லு" என்றார்.

"மாஸ்டரை அனுப்ப மாட்டேன்."

"அப்ப நாளையிலேர்ந்து ரொட்டி வேணாம்."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் திரும்பினால், மாஸ்டர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"நான் போயிடுறேம்மா. என்னால உங்க பேரு கெட வேணாம்."

"இப்ப நீங்க போனீங்கன்னா அவர் சொன்னது நெசம்னு ஆயிடும். சட்டையை மாட்டிட்டு மாவைப் பாருங்க."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர பயம் இல்லாமல் இல்லை. பாதி வியாபாரம் போனால் கடை தாங்குமா என்று தெரியாது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. இந்தப் பேச்சு மாஹே வரைக்கும் போகும். அங்கே அது எப்படிக் காதில் விழும்?

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக மாஸ்டரின் மனைவி கடைக்கு வந்து நின்றார். மாஸ்டர் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். புருஷனை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மனதைத் தயார்படுத்திக்கொண்டேன். அவர் அடுப்பருகில் நின்ற மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த மூஞ்சியை வச்சி கதை கட்டுறாங்கன்னா அவங்களுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா? கட்டிக்கினதுக்கு நானே இன்னும் கோயில் கோயிலா காரணம் கேட்டுக்கினு இருக்கேன்."

மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"கேன்டீன் ரொட்டி எங்க? கூடையில போடு தங்கச்சி. ஆலை கேட்டுல போயி நாம விப்போம். நீயும் வா. ஒண்ணா நிப்போம், யாரு பேசுறான்னு பாப்போம்."

தெரிந்தவரிடம் தள்ளுவண்டி இரவல் வாங்கி, ரொட்டிக் கூடைகளை ஏற்றி, மழைக்கு மேலே தார்ப்பாய் போட்டு இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம். அதுவரை கல்லாவை விட்டு இறங்கி நான் தெருவில் விற்றதில்லை. ஆலை வாசலில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"இங்க நிக்கக் கூடாதும்மா."

"ஏன், ரோடு உங்க மொதலாளி போட்டதா? கவர்மெண்டு போட்டது" என்றார் மாஸ்டரின் மனைவி. இருந்தாலும் வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளி, ஒரு பூவரச மரத்தடியில் நிறுத்தினோம்.

ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். எங்களைப் பார்த்தார்கள். பிறகு கேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வண்டி அருகில் வரவில்லை. உள்ளேயிருந்து யார் கவனிக்கிறார்கள் என்ற பயம் அவர்களுக்கு. நியாயமான பயம்தான், மாஸ்டருக்கு நடந்ததை அவர்கள் பார்த்தவர்கள். அப்போது ஒருவர் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக வந்தார். வேலைநிறுத்தத்தின்போது எதிர்ச் சங்கத்தில் இருந்து மாஸ்டரோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவராம். மாஸ்டரின் மனைவி என் காதில் சொன்னார்.

"உன் வூட்டுக்காரன் சங்கம் எனக்குப் பிடிக்காது. ஆனா பொய் பேச மாட்டான். ரொட்டியைக் குடு" என்றார் அவர். உரக்கத்தான் சொன்னார். அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள்.

எல்லாம் விற்றுவிட்டது என்று சொல்ல ஆசைதான். விற்கவில்லை. ஒரு கூடை அப்படியே திரும்பி வந்தது. ஆனால் மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். சோலைநகர்ப் பக்கத்து டீக்கடைகள் சில எங்களிடம் ரொட்டி எடுக்க ஆரம்பித்தன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் வீடுகளிலிருந்து காலையில் நீளமான ரொட்டி வாங்க வருபவர்கள் ஒருவர்கூடக் குறையவில்லை.

மாதக் கடைசியில் கணவர் வந்தார். நான் நினைத்தது போலவே, அண்ணன் முறைக்காரர் அவருடைய ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கணவர் பையை இறக்கி வைத்ததும், பல நாட்களாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவர் சொன்னதை நம்பியிருந்தா அன்னிக்கே லீவு போட்டு ஓடி வந்திருப்பேன். நம்பலை. அதான் எப்பவும் வர்ற நாளுக்கே வந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அழாமல் கேட்டேன். "அப்ப உங்க அண்ணன்கிட்ட சண்டை போடவாவது வந்திருக்கலாம்ல?"

"அதை நீ போட்டு முடிச்சிருப்பேன்னு தெரியும்" என்றார். பிறகு பின்கட்டுக்குப் போய் மாஸ்டர் பக்கத்தில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, டீயில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டபடி, எந்தெந்த டீக்கடையை இன்னும் கேட்கவில்லை என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

தை பிறந்த பிறகு மூத்தாரிடமிருந்து ஓர் ஆள் வந்தார். வேறு கடை ரொட்டியைத் தொழிலாளர்கள் தொடுவதில்லையாம். கேன்டீன் மேசையிலேயே கிடக்கிறதாம். "பழையபடி அனுப்பச் சொன்னாரு. மாஸ்டரைப் பத்தி இனிமே பேச்சில்லைன்னாரு."

"ரொட்டி வேணும்னா அவரே வரட்டும். மாஸ்டரும் அவர் சம்சாரமும் இருக்கும்போது, அன்னிக்குச் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் பேசலாம்" என்றேன்.

"அவரு எப்படிம்மா இங்க வருவாரு?"

அதற்குள் எங்கள் கல்லாவைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த மாஸ்டரின் மனைவி முந்திக்கொண்டார். "அன்னிக்கு வந்தாரே, அதே வழிதான். மழைகூட இல்லை, குடையும் வேணாம்."

அவர் வரவில்லை. கேன்டீனுக்கு நாங்கள் மறுபடி ஒரு ரொட்டிகூட அனுப்பவில்லை. பக்கத்து இடத்தையும் சேர்த்துக் கடையைப் பெரிதாக்கும் எண்ணத்தை விட வேண்டியிருந்தது. பல வருடங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் ஓட்டினோம். ஆனால் கடையை மூடவில்லை. மாஸ்டர் அடுப்படியிலும் அவர் மனைவி கல்லாவிலும் என்னோடு கடைசிவரை இருந்தார்கள்.

மூத்தாரைப் பிற்பாடு எத்தனையோ கல்யாணங்களில் பார்த்தேன். கை கூப்பினேன், இலையில் சோறு பரிமாறினேன், மறந்தும் தொழிலைப் பற்றிப் பேசவில்லை. அந்த மழைக்காலத்தில் நான் பாதி வியாபாரத்தை இழந்தேன் என்று சொந்தத்தில் இன்றும் சொல்வார்கள். பொய் சொன்ன உறவை விட்டு, பொய் சொல்லாத மனிதரோடு நின்றதை நஷ்டக் கணக்கில் எழுத என் மனம் ஒருநாளும் சம்மதித்ததில்லை.