என்னிடம் படிக்க வந்த இயந்திரம்

ஒரு பொருள் சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. தலை மட்டும் இடப்பக்கம் சாயும். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவருகிறார். துணிக்கடையில், "தலை சாய்ஞ்சிடுச்சு, வேற எடுத்துப் போடுங்க" என்று எனக்காக அவர்தான் சொல்வார்.

இந்தத் தலையை வைத்துக்கொண்டு நான் பார்க்கும் வேலை, பீங்கான் கோப்பைகளில் குறை கண்டுபிடிப்பது. கீறல், கோணல் இருந்தால் கழிக்க வேண்டும். செய்தவர் மனம் நோகுமே என்று, உடைந்ததைக்கூட 'மறுபடி பார்க்க' என்ற தட்டில் வைத்துவிடுவேன். பக்கத்து மேசை அக்கா எடுத்துக் கழித்துவிடுவார். அவருக்கு யார் மனமும் நோகாது.

பிறகு கேமரா வைத்த இயந்திரம் வந்தது. நான் அழுத்தும் பொத்தான்களைப் பார்த்து அதுவே கற்றுக்கொள்ளுமாம். பச்சை நல்லது, சிவப்பு கழிவு, மஞ்சள் மறுபடி பார்க்க. ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒரு மாணவன்! நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

அது தானாகப் பிரிக்கத் தொடங்கிய அன்று மஞ்சள் தட்டு மலையாகக் குவிந்தது. மேற்பார்வையாளர் அதிலிருந்து கைப்பிடியே இல்லாத ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"என்னம்மா, இதுல என்ன சந்தேகம் அதுக்கு?"

"வாத்தியார் அப்படி சார்," என்றார் அக்கா. "கொஞ்ச நாள் போனா அதுவும் தலைய சாய்க்கும் பாருங்க."

"சனிக்கிழமைக்குள்ள தேறலைன்னா மிஷினைத் திருப்பி அனுப்பிடுவேன். இங்க அக்கா ஒருத்தர் போதும். நீ ஷோரூமுக்குப் போயிடு. வர்றவங்ககிட்ட சிரிச்சுப் பேசணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவதற்கு, நாலு கோப்பைகளைப் பகைத்துக்கொள்வது மேல்.

கைப்பிடி இல்லாததைக் கேமராவுக்கு முன்னால் வைத்துச் சிவப்பை அழுத்தினேன். "மன்னிச்சுக்கோ" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"அடியே, கோப்பைகிட்ட மட்டும் நல்லா பேசு!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

தட்டில் கிடந்த ஒவ்வொன்றையும் திரும்ப வைத்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழுத்தினேன். இயந்திரமும் மெல்ல மாறியது. வெள்ளிக்கிழமை கோணல்களைத் தானே கழித்தது, மன்னிப்புக் கேட்காமல். சனிக்கிழமை மஞ்சள் தட்டில் கொஞ்சம்தான் கிடந்தன, அவற்றைப் பார்த்து அக்காவே, "இது கீறலாடி, வெறும் மினுமினுப்பா?" என்று என்னைக் கேட்டார். மேற்பார்வையாளர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இப்போது அதற்குச் சந்தேகம் வருபவை மட்டும் என்னிடம் வருகின்றன. பார்த்து, பச்சையோ சிவப்போ அழுத்துகிறேன். ஷோரூமுக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். துணிக்கடையில் இன்னும் தலையைத்தான் சாய்க்கிறேன்.