பளிங்கு மேடையும் பஞ்சுவும்

வீட்டு வேலைக்கு வந்த அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது டீச்சரின் கணவர். அவள் துடைத்தால் சத்தமே வராது. முன்னறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவருக்குச் சமையலறையில் ஆள் இருப்பதே தெரியாது. "பஞ்சு, இருக்கியா போயிட்டியா?" என்று குரல் கொடுப்பாராம். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

நான் கல்லுக்கு மெருகு போடுகிறவன். அந்த வீட்டின் சமையல் மேடைக்கு வெள்ளைப் பளிங்கு வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றபோதே சொன்னேன்: "சார், பார்க்க அழகா இருக்கும். ஆனா இது குழந்தை மாதிரி. சமையலுக்குத் தாங்காது." அவர் கேட்கவில்லை. பதித்து முடித்த அன்று, எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று நான் விளக்கியபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அவர் மனைவி, அதாவது டீச்சர், போன் வந்ததென்று எழுந்து போய்விட்டார். கடைசி வரை கேட்டது, அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்து வாசற்படியோரம் நின்றிருந்த இவள் ஒருத்திதான்.

"அண்ணே, கீறல் எதனால விழும்? துணியாலயா?"

"துணியால இல்லம்மா. துணிக்கு அடியில மாட்டிக்கிற மண்ணால. சர்க்கரை, உப்புக்கல் எது கிடந்தாலும் முதல்ல தட்டி எடுத்துடணும். அப்புறம்தான் ஈரத்துணி."

"புளிப்பு?"

"எலுமிச்சை, வினிகர், தக்காளி எதுவுமே ஆகாது. கல்லோட தோலையே தின்னுடும். பட்டா அப்பவே துடைச்சிடணும்."

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காலையில் வந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் மேடையைப் பெருக்குவாள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு. பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து ஒரு துடைப்பு. வெறும் தண்ணீரில் இன்னொன்று. பிறகு காய்ந்த துணி. பாத்திரத்தை இழுக்காமல் தூக்கித்தான் வைப்பாள். பொடி போட்டுத் தேய்க்கும் சமாச்சாரம் எதையும் அந்த அறைக்குள் விடமாட்டாள். மாதம் ஒரு முறை மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பாள். முத்துப்போல நின்றால் சரி. கல்லுக்குள் இறங்கினால் எனக்குப் போன் வரும்: "அண்ணே, கல்லு தண்ணி குடிக்குது. வந்து பூச்சு போட்டுட்டுப் போங்க."

டீச்சரின் கணவர் நான்காம் வருஷம் இறந்துபோனார். அதற்குப் பிறகு டீச்சருக்கு அந்தக் கல்தான் அவர். மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். "இவ இல்லேன்னா இது எப்பவோ போயிருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பஞ்சுவைக் காட்டிச் சொல்வார். அப்போது பஞ்சுவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவள் வீட்டில் இருந்தது சிமெண்ட் மேடை. "அதை அடிச்சு உரசுவேன், அண்ணே. திட்டிக்கூட உரசுவேன். அது கோவிச்சுக்காது" என்று சிரிப்பாள். ஒற்றை அறை; முதுகு ஒடிந்து படுத்திருக்கும் கணவன்; படிக்கிற பெண்.

பதினோராவது வருஷம் டீச்சரின் மகன் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தான். முப்பத்தைந்து வயது. பொழுது போகாமல் சமைக்கக் கிளம்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஞ்சுவுக்கு விடுமுறை. குழம்புக் கறை ஒன்று போகவில்லை என்று போனில் ஏதோ வீடியோவைப் பார்த்து, எலுமிச்சைச் சாற்றையும் வினிகரையும் கலந்து ஊற்றி ஊறவிட்டிருக்கிறான். அதற்கும் போகாததால் கம்பி நாரை எடுத்துத் தேய்த்திருக்கிறான்.

திங்கட்கிழமை காலையில் பஞ்சு பார்த்தபோது, நடு மேடையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கல் செத்துக் கிடந்தது. பளபளப்பு போய், சுண்ணாம்பு அடித்தாற்போல ஒரு வெளுப்பு. அதற்குள் வட்டம் வட்டமாகக் கீறல்.

"டீச்சர், இங்க வாங்களேன்!" என்று அவள் அலறிவிட்டாள்.

டீச்சர் வந்தார், பின்னாலேயே மகன்.

"என்ன போட்டுத் தேய்ச்சீங்க?" என்று மகன்தான் முந்திக்கொண்டு கேட்டான், பஞ்சுவைப் பார்த்து.

அவள் குப்பைத் தொட்டியிலிருந்து கம்பி நாரை எடுத்துக் காட்டினாள். "இது இந்த வீட்ல கிடையாதுங்க. நான் வாங்கவே விட்டதில்ல."

"அப்போ நான் தேய்ச்சேன்னு சொல்றீங்களா?"

டீச்சர் எனக்குப் போன் செய்தார்.

நான் மறுநாள் போனேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். பஞ்சுவின் கண்கள் என் வாயிலேயே இருந்தன. எனக்கு ஒரு வேகம் வந்தது. நியாயம் என் கையில் இருப்பதாக ஒரு கர்வம் என்றுகூடச் சொல்லலாம்.

"இது எலுமிச்சை, டீச்சர். ரொம்ப நேரம் ஊற விட்டிருக்காங்க. அதுக்கு மேல கம்பி. கல்லைத் தெரிஞ்ச யாரும் இதைச் செய்யமாட்டாங்க. பஞ்சு செஞ்சிருக்க வாய்ப்பே இல்ல."

மகன் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். பஞ்சு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா டீச்சர்" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை, சந்தோஷக் குரல். டீச்சர் மேடையைப் பார்த்தபடியே, "சரி, வேலையைப் பாருங்க" என்று என்னிடம் சொன்னார். இரண்டு நாள் தேய்த்து, மெருகு போட்டு, கல்லை ஓரளவு மீட்டேன். பஞ்சு எனக்கு இரண்டு முறை காப்பி கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் அவளை நிறுத்திவிட்டார்.

"என்னதான் சொன்னாங்க?" என்று பஞ்சுவிடம் கேட்டேன்.

"தப்பு உன் மேல இல்லன்னாங்க. கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, அண்ணே. 'உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் தலை குனியுது. அவன் ஏற்கெனவே நொந்து போயிருக்கான்'னு சொன்னாங்க." பிறகு சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை அவன் தேய்ச்சப்போ டீச்சர் பக்கத்துலதான் இருந்திருக்காங்க. அதையும் அவங்களே சொன்னாங்க."

டீச்சர் எல்லாம் தெரிந்துதான் என்னை வரவழைத்திருக்கிறார். 'தெரியவில்லை', 'பழைய கல்', 'தேய்மானம்' என்று நான் எதையாவது சொல்லி மழுப்புவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

வேறு வீடு கிடைப்பது லேசாக இல்லை. பதினோரு வருஷ வேலையை ஏன் விட்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். டீச்சர் அவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்லதாகவும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "அது எதுக்கு இப்போ" என்றாராம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவரவர் இஷ்டத்துக்குக் கதை கட்டினார்கள். என் வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் நானே சிபாரிசு செய்தேன். இரண்டு பேருமே, "அந்தக் கல்லு விஷயத்துல மாட்டினவதானே?" என்றார்கள்.

கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சேர்ந்தாள். நீளமான எஃகு மேடைகள். காலை முதல் சாயங்காலம் வரை பிளீச்சிங் தண்ணீரும் கம்பி நாரும். ஒருநாள் மதியம் அந்தப் பக்கம் போனபோது அவளைப் பார்த்தேன். சேர்ந்த புதிதில், மரத்தைப் போல எஃகுக்கும் ஓர் இழை உண்டு, அதன் ஓட்டத்திலேயே துடைத்தால் கீறல் விழாது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னாளாம். "உன்னைக் கேட்டேனா? சீக்கிரம் முடி" என்றாராம் அவர். இப்போது எல்லோரையும் போல அவளும் குறுக்கும் நெடுக்குமாகத்தான் தேய்க்கிறாள். கறகறவென்று சத்தம். விரல் நுனிகளெல்லாம் வெடித்திருந்தன.

"டீச்சர் எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"இருக்காங்க. பையன் மறுபடி வேலைக்குப் போயிட்டான்."

"என்னைக் கேட்டாங்களா?"

"இல்ல" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

தலையாட்டினாள். பிறகு, கோபமே இல்லாமல், ஏதோ கணக்கு வழக்கைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னாள்: "நீங்க அன்னிக்கி தெரியலன்னு சொல்லியிருந்தா, நான் நாலு திட்டு வாங்கிட்டு அங்கேயே இருந்திருப்பேன் அண்ணே. தப்பு பண்ணவளா இருந்திருந்தா மன்னிச்சு வெச்சுக்கிட்டிருப்பாங்க."

உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வீட்டுக்கு வருஷம் ஒரு முறை நான் இன்னும் போகிறேன். மூன்று ஆள் மாறிவிட்டார்கள். மேடையில் இப்போது எங்கே பார்த்தாலும் கீறல். என்ன செய்யலாம் என்று டீச்சர் கேட்கிறார். பூச்சு போடலாம் என்கிறேன். வேறு எதுவும் நான் சொல்வதில்லை.