ஸ்டோன்ராய்ட் நடைமேடையில் ஒரு கிளாஸ் பியர்

லோர்னா இல்லாததைச் சொல்கிற ஆள் இல்லை. லீட்ஸில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் எடை சரிபார்த்தவள். ஒரு கிராம் கூடினாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவள் என் சமையலறையில் உட்கார்ந்து, முன்னால் வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை இதைச் சொன்னாள். நான் எதையும் கூட்டவில்லை. நேரங்கள்கூட அவளுடையவைதான். குடிக்கிற பியரின் பெயர், குடித்த நேரம், பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவைப்பது அவள் வழக்கம். அந்தப் பக்கத்தை நானே பார்த்தேன். 2017 நவம்பர் 25, சனிக்கிழமை. மூன்று பியருக்குப் பெயரும் மதிப்பெண்ணும் இருக்கின்றன. நான்காவதற்கு நேரம் மட்டும்தான்.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை லோர்னாவும் அவள் தோழி பெவர்லியும் ரயிலேறிவிடுவார்கள். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இருவருக்கும் வீட்டில் காத்திருக்க ஆளில்லை. பள்ளத்தாக்கு வழியாக மலைக்கு ஏறும் சிறிய ரயில் பாதை அது. நான்கு ஸ்டேஷன், நான்கிலும் பப். ஒன்று பழைய பார்சல் அறை, ஒன்று காத்திருப்பு அறை, இப்படி. இறங்க வேண்டியது, ஆளுக்கு அரை பைன்ட், அதாவது ஒரு சின்ன கிளாஸ் பியர், குடிக்க வேண்டியது, ஒரு மணி நேரம் கழித்து வரும் அடுத்த ரயிலில் ஏற வேண்டியது. ஐந்து வருடமாக ஒரு மாதம் தவறியதில்லை.

அன்று மழை இல்லை. பனிமூட்டம் மட்டும் இருந்தது. காலையிலிருந்தே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

12.20. முதல் ஸ்டேஷன், தோர்ன்லி. லோர்னா கல்லாவில் போய் இரண்டு அரை பைன்ட் கேட்டாள். அங்கே நின்ற இளைஞன் ஊற்றினான். ஒன்று, இரண்டு... மூன்று.

"தம்பி, ரெண்டுதான் கேட்டேன்."

அவன் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. மூணு பேருன்னு நெனச்சிட்டேன்."

லோர்னா திரும்பிப் பார்த்தாள். பெவர்லி ஜன்னலோரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வேறு யாருமில்லை.

"அவன் உன்னையே ரெண்டு ஆளாப் பார்த்திருப்பான்டி" என்றாள் பெவர்லி. "அந்த இடுப்புக்கு ஒரு கிளாஸ் பத்துமா?"

"உன் வாய்க்குத்தான் ஒரு தனி கிளாஸ் வேணும்."

சிரித்தார்கள். ஏழு மதிப்பெண் போட்டாள் லோர்னா.

1.21. இரண்டாவது ஸ்டேஷன், கார்ஸ்டெட். இங்கே லோர்னா வாயைத் திறக்குமுன்பே கல்லாவில் இருந்த பெண் கேட்டாள்.

"வெளிய நிக்கிறாரே, அவர் உள்ள வரலையா? குளிர்ல நடுங்குறாரும்மா."

"யாரு?"

"உங்க கூட இறங்கினாரே."

லோர்னா கதவைத் திறந்து பார்த்தாள். நடைமேடை வெறிச்சோடிக் கிடந்தது. பெஞ்சு காலி. பெஞ்சுக்கு முன்னால் தரையில் மட்டும் கையகல ஈரம், யாரோ சொட்டச் சொட்ட நின்றுவிட்டுப் போனது போல.

அவள் அதைப் பெவர்லியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கெல்லாம் அதையே வைத்துக் கிண்டலடிப்பாள்.

அடுத்த ரயிலில் டிக்கெட் பார்க்க வந்த கார்டு இரண்டு டிக்கெட்டையும் வாங்கிக் குறியிட்டார். பிறகு எதிரே காலியாக இருந்த இருக்கையைப் பார்த்துக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. இரண்டு மூன்று விநாடி. எதுவும் சொல்லாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். வழக்கமாக நின்று நாலு வார்த்தை பேசுகிற மனிதர்.

"பார்த்தியாடி?" என்றாள் லோர்னா.

"பார்த்தேன். உனக்கு ஒரு ஆள் கெடைச்சிருக்கான். என்ன, கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குறான். பரவாயில்ல, இந்த வயசுல அதெல்லாம் பார்க்க முடியுமா?"

2.24. மூன்றாவது, மிக்கில்பி. இந்தச் சுற்று பெவர்லியுடையது. அவள் கல்லாவுக்குப் போனாள். திரும்பி வரும்போது தட்டில் மூன்று கிளாஸ்.

லோர்னா கிளாஸ்களை எண்ணினாள்.

"மறுபடியும் தப்பா ஊத்திட்டாங்களா?"

"இல்லடி. நானே வாங்கினேன்." பெவர்லி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அதற்கு முன்னால் கிளாஸை வைத்தாள். "காலைலேர்ந்து கூடவே வர்றான், பாவம். இந்தாப்பா, குடி. என் கணக்கு."

"விளையாடாத பெவ்."

"விளையாட்டுக்குத்தானேடி வர்றோம்."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வாங்கித்தந்ததைக் குடித்தால், அடுத்த சுற்று குடித்தவர் வாங்க வேண்டும். எத்தனை கஞ்சனானாலும் இதில் மட்டும் தவற மாட்டான். பெவர்லிக்கு அது தெரியாததல்ல. அந்த நேரத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை.

லோர்னா அந்தக் கிளாஸின் மேலேயே கண்ணாக இருந்தாள். கறுப்பு பியர், மேலே வெள்ளை நுரை. நுரை அடங்கியது. பியர் குறையவில்லை. மூன்று மணி ஆயிற்று. மூன்றே கால். ரயில் வரும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்கள். கதவருகே போய் லோர்னா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

கிளாஸ் காலி.

உள்ளே நுரையின் கோடுகள் படிப்படியாக இறங்கியிருந்தன... ஒருவர் நிதானமாக, வாய் வாயாகக் குடித்தால் படியுமே, அப்படி.

"நீதானே குடிச்ச?"

"என் கையப் பாரு, கையுறை போட்டுக்கிட்டிருந்தேன். நீதான் குடிச்சிட்டு என்னைப் பயமுறுத்துற."

லோர்னா நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். உட்காரும் இடம் நனைந்திருந்தது. ஐஸ் மாதிரிச் சில்லென்றிருந்தது.

"வீட்டுக்குப் போயிடலாம் பெவ்."

"எப்படிப் போவ? கீழ போற ரயில் இங்க நிக்காது, ஸ்டோன்ராய்ட்லதான் ஏறணும். வா."

3.27. ஸ்டோன்ராய்ட். பாதை மலைக்கு அப்பாலும் போகிறது, ஆனால் அவர்களுக்கு இதுதான் கடைசி நிறுத்தம். பொழுது இறங்கிவிட்டது. அவர்களைத் தவிர ஒருவரும் இறங்கவில்லை. லோர்னா நன்றாகப் பார்த்தாள். முன்னும் பின்னும் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

பப்பின் கதவு நடைமேடையிலேயே இருக்கிறது. பத்தடி. நேராக உள்ளே போனார்கள். நடத்துகிறவள் ஜோசி, ஐம்பது வயதுக்காரி, எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

ஜன்னலோர மேசையில் இரண்டு அரை பைன்ட் ஊற்றித் தயாராக இருந்தன.

"உங்களுக்குத்தான் கண்ணு" என்றாள் ஜோசி. "உங்க கூட்டாளி வாங்கி வச்சிட்டுப் போனாரு. இந்தத் தடவை அவர் சுற்றாமே."

பெவர்லியின் முகத்திலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு மறைந்தது.

"எப்ப?"

"இப்பத்தான். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்."

அவர்கள் வந்த ரயில் அப்போதுதான் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் விளக்குகள் ஜன்னல் கண்ணாடியில் ஒவ்வொன்றாக ஓடின.

"ஆள் எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள் லோர்னா.

ஜோசி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "சட்டைக் கை நனைஞ்சிருந்துச்சு... மத்தது ஞாபகம் வரலையே. இப்பத்தானே பார்த்தேன்."

லோர்னா உட்காரவில்லை. பெவர்லி உட்கார்ந்தாள். கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரோ வேலையத்தவன் விளையாடுறான்டி. பியர் என்ன பாவம் செஞ்சுது?" என்றாள். குடித்தாள்.

"நான் தொட மாட்டேன்."

"தொடாத. நீ எப்பவும் இப்படித்தான். வாழ்க்கையில எதைத்தான் தொட்ட?"

அது சுட்டது. இருவருக்கும் வார்த்தை தடித்தது. நோட்டில் 3.35 என்று எழுதிய லோர்னா, பியரின் பெயரை எழுதாமலே மூடினாள். மேசையின் ஒரு பக்கம் பெவர்லி, இன்னொரு பக்கம் லோர்னாவின் நிறைந்த கிளாஸ். லோர்னா சுவரோரம் தனியாக உட்கார்ந்தாள். 4.28க்கு எழுந்து வெளியே போனாள். கீழே போகும் ரயில் 4.41க்கு.

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. பனி தரையோடு நகர்ந்துகொண்டிருந்தது. நடைமேடையில் மூன்று விளக்கு. மூன்றாவதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

4.34.

"லோர்னா..."

பெவர்லியின் குரல். நடைமேடையின் கோடியிலிருந்து வந்தது. பெவர்லி சிகரெட் பிடிக்க எப்போதும் அந்தக் கோடிக்குத்தான் போவாள். பின்கதவு வழியாக வந்திருப்பாள் என்று நினைத்தாள் லோர்னா.

"கோவமாடி? வா இங்க."

லோர்னாவுக்கும் மனசு கேட்கவில்லை. நடந்தாள். முதல் விளக்கு. இரண்டாவது விளக்கு.

"எங்க இருக்க?"

"இங்கதான். இன்னும் கொஞ்சம் வா."

மூன்றாவது விளக்கையும் தாண்டினாள். அங்கே நடைமேடை சரிந்து தண்டவாள மட்டத்துக்கு இறங்கும். வேலையாட்கள் இறங்குவதற்கான சரிவு. இறங்கினாள். காலுக்கடியில் ஜல்லி நொறுங்கியது. சிகரெட் நெருப்புத் தெரிகிறதா என்று பார்த்தாள்.

தெரியவில்லை.

புகை வாசனையும் இல்லை. ஈரக் கம்பளியின் வாசனை.

"இன்னும் ரெண்டு அடிதான்டி. வா."

ஒரு காலை எடுத்து வைத்தாள். காலில் இரும்பு தட்டியது.

அப்போது பின்னால் கதவு திறந்தது. பப்பின் வெளிச்சம் நடைமேடையில் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு... தொண்டையில் ஆரம்பித்து இருமலில் முடிகிற சிரிப்பு. முப்பது வருடமாகத் தெரிந்த சிரிப்பு.

பெவர்லி உள்ளே இருந்தாள்.

லோர்னா அசையவில்லை.

முன்னால், இருட்டில், ஒரு கை தூரத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

"குடிச்சிருக்கலாம்ல" என்றது பெவர்லியின் குரல். மெதுவாக. "உனக்காகத்தானே வாங்கினேன்."

தண்டவாளம் பாடத் தொடங்கியது.

மெல்லிய சத்தம்.

லோர்னா பின்னால் விழுந்தாள். கையும் காலுமாகத் தவழ்ந்தாள். சரிவில் முழங்கால் தேய்ந்தது.

4.38.

நிற்காத விரைவு ரயில்.

அவள் நின்ற இடத்தைத் தாண்டிப் போயிற்று.

காற்று.

பிறகு ஒன்றுமில்லை.

மூன்றாவது விளக்கின் அடியில் அவளைக் கண்டெடுத்தவள் பெவர்லிதான். உள்ளங்கை இரண்டிலும் ரத்தம். "என்னடி ஆச்சு, யார்கிட்ட பேசிட்டிருந்த?" என்று கேட்டாள். 4.41 ரயில் வந்தது. ஏறினார்கள். லீட்ஸ் வரும்வரை பெவர்லி அவள் கையை விடவில்லை. கிண்டலும் செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை லோர்னா பப்புக்குப் போன் செய்தாள். அந்த ஆளை யாராவது தேடி வந்தார்களா, பெயர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

"பேரு சொல்லல கண்ணு" என்றாள் ஜோசி. "நீங்க வெளிய போனதும், உங்க தோழி பாத்ரூம் போயிருந்தப்ப, மறுபடி வந்தாரு. 'அந்தம்மா குடிக்காம போயிட்டாங்க, நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்'னு கிளாஸை எடுத்துட்டுப் போனாரு. குடுத்தாரா?"

லோர்னா உள்ளங்கைச் சிராய்ப்பைப் பார்த்தாள்.

"ஏன் கேக்குறேன்னா, ஞாயித்துக்கெழமை காலைல தண்டவாளம் பார்க்கிற ஆளுங்க அந்தக் கிளாஸைக் கொண்டாந்தாங்க. பிளாட்பாரக் கோடியில, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல நின்னுச்சாம். ராத்திரி பூரா அதுமேல ரயில் போயிருக்கு. ஒரு சொட்டு சிந்தல. விளிம்பு வரைக்கும் நெறஞ்சிருந்துச்சு."

அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பாதையில் போகவில்லை. சனிக்கிழமைகளில் பெவர்லியின் வீட்டில் சீட்டு விளையாடினார்கள். கிறிஸ்துமஸ் போயிற்று. ஜனவரி போயிற்று.

பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை, காலை 10.15. லோர்னாவின் போன் அடித்தது. ஜோசி.

"உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு கண்ணு. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்தக் கிளாஸ் அங்க நிக்குது. அதே இடம். நெறஞ்சு இருக்கும். நாங்களும் எடுத்துக் கொட்டிட்டுப் பேசாம இருந்தோம். யார்கிட்ட சொல்றது?"

"இப்ப என்ன ஆச்சு?"

ஜோசிக்குப் பின்னால் ஆண்கள் பேசும் சத்தமும், வாக்கி-டாக்கியின் கரகரப்பும் கேட்டன.

"சனிக்கெழமை மலையேற வந்த ஒரு அம்மா தனியா வந்து உக்காந்தாங்க. யாரோ கூப்பிடுறாங்கன்னு சொல்லிட்டு வெளிய போனாங்க. அவங்க பை இன்னும் இங்கதான் இருக்கு. மூணு நாளா போலீஸ் தேடுது."

"கிளாஸ்?" என்று கேட்டாள் லோர்னா.

"அது கெடைச்சுது" என்றாள் ஜோசி. "இந்தத் தடவை காலியா இருந்துச்சு."