படத்துக்கு மேல் ஒரு விளக்கு

பேர்ன் நகரில் நான் பாத்திரம் கழுவும் கஃபேயின் சுவர்களில் யாரென்றே தெரியாதவர்களின் ஓவியங்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. எங்கள் ஊரில் செத்தவர்களின் படத்துக்குத்தான் அப்படி எரியும். வந்த புதிதில் அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. பதினைந்து வருடத்தில் அந்த எரிச்சல் போய்விட்டது. போனதுதான் பிழை.

நானும் வரைகிறவன். எங்கள் ஊரான புளியந்தீவில், சந்தையில் நண்டு விற்கும் கனகம்மா மாமியை, ஒரு விடுமுறையில் கேட்காமல் எடுத்த கைபேசிப் படத்தைப் பார்த்து வரைந்தேன். இரண்டு வருட வேலை. அதை ஒரு கேலரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "இந்தப் பெண் எதிலிருந்து தப்பி ஓடுகிறாள்?" என்று அங்கிருந்தவள் கேட்டாள். "ஓடவில்லை, நண்டு விற்கிறாள்" என்றேன். மிகுந்த துக்கத்தோடு தலையாட்டிவிட்டு, சுவரில் இடமில்லை என்றாள். அவளுடைய துக்கத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் ஊர்ச் சுவராவது ஏற்கும் என்று போன வருடம் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனேன். கூடப் படித்த ஜெயராசா புளியந்தீவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். சட்டம் போட்டு அங்கே மாட்டினேன். பேர்னிலிருந்து கொண்டுபோன விளக்கையும் மேலே பூட்டினேன். மறுநாள் காலையில் படத்துக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். "பாவம், எப்ப நடந்த?" என்று சாப்பிட வந்தவர்கள் கேட்டார்கள். மாமியின் தங்கை செட்டிபாளையத்திலிருந்து ஆட்டோவில் அழுதுகொண்டு வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னாலேயே, நண்டுக் கூடையோடு, மாமியே வந்தார்.

"ஆரைக் கேட்டுடா என்னச் சாகடிச்ச நீ?"

"இல்ல மாமி, வெளிநாட்டில இப்பிடித்தான் மரியாதைக்கு..."

"உசிரோட நிக்கிறவளுக்கு விளக்கோ? மாட்டுறதெண்டா உன்ட படத்த மாட்டு மனே. ஊரில இல்லாமப் போனவன் நீதான்."

கடை முழுக்க என்னைப் பார்த்தது. "கழட்டிக்கொண்டு போடா, யாவாரம் கெடுது" என்றான் ஜெயராசா. அவமானத்தில் படத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது அது இந்தக் கஃபேயில் தொங்குகிறது. முதலாளி விளக்கைப் போடுகிறார், நான் அணைக்கிறேன். மின்சாரச் செலவுக்குப் பயப்படாதே என்று தோளில் தட்டுகிறார்.

போன கிழமை ஜெயராசா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். விளக்கை அவன் கழற்றவில்லை. வெளிச்சம் நல்லா இருக்காம். புளியந்தீவில், வெறும் சுவரில், என் தலை உயரத்தில், அது எரிந்துகொண்டிருக்கிறது.