குப்பாயியின் முட்டியும் சட்டியில் கலந்த மருந்தும்

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் குப்பாயி விவரம் தெரிந்த நாளிலிருந்து பழம் பறித்து வந்தாள். பிறந்த ஊர் அதே மலையில் தலைச்சோலை. புருஷன் சித்தன் மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தபின், எஸ்டேட் கூலிக்காரர்களுக்குக் கொடுக்கிற லைன் வீட்டில் தனியாக இருந்தாள். அந்த வீட்டுக்கு ஒரே சட்டம்தான். சரிவேறிப் பழம் பறிக்கிறவரைக்கும் வீடு உண்டு. முடியாதவர்கள் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் போவதற்குத் தலைச்சோலையில் தம்பி வீடு இருந்தது. அங்கே தம்பி பெண்டாட்டியும் இருந்தாள்.

இந்த நிலைமையில்தான் குப்பாயியின் வலது முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. மலைச்சாமி சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டாள், தைலம் தேய்த்தாள், ஆஸ்பத்திரி மாத்திரையும் விழுங்கினாள். முட்டி எதற்கும் மசியவில்லை. எஸ்டேட் கணக்கும் ஆள் மேற்பார்வையும் பார்க்கிற ரைட்டர் தேவசிகாமணி அவள் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "இந்த சீசன் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதுவும் இதுவரை நல்லபடியாக முடிந்ததில்லை.

1979-ல் டாக்டர் மரியபுஷ்பம் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். ஆராய்ச்சி செய்கிறவர். கஞ்சாச் செடியிலிருந்து போதை தராத ஒரு சத்தை மட்டும் பிரித்து எண்ணெயில் கலந்திருக்கிறார்கள், அது வலிக்கும் மனப்பதற்றத்துக்கும் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், இதற்கு அரசாங்க அனுமதி இருக்கிறது என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் நின்று விளக்கினார்.

"ஏனுங்க, கஞ்சாவுல போதைய எடுத்துப்போட்டா மிச்சம் என்னங்க இருக்கும்?" என்று தோட்டக்காவல் பெருமாள் கேட்டான்.

"அதைத்தான் பார்க்க வந்திருக்கேன்" என்றார் டாக்டர்.

நெஞ்சு படபடப்பு உண்டா என்று பெண்களைக் கேட்டார். ரைட்டர் வந்தால் உண்டு என்றார்கள்.

வலி உள்ள பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் புட்டி. பாதிப் புட்டிகளில் மருந்து, பாதியில் வெறும் எண்ணெய். பார்வைக்கும் ருசிக்கும் இரண்டும் ஒன்றுதான். எதில் எது என்று தனக்கே தெரியாது, தெரியவும் கூடாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். டாக்டருக்கே தெரியாதாமே என்று பெண்கள் அவருக்காக இரக்கப்பட்டார்கள்.

ஆனால் ஒருத்திக்கு மருந்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு வெறும் எண்ணெய் என்பது குப்பாயிக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவள் ஊரில் காட்டுப்பன்றி விழுந்தால் வீட்டுக்கு ஒரு பங்கு. வேட்டைக்கு வர முடியாமல் படுத்துக் கிடந்தவன் வீட்டுக்கும் அதே பங்கு. குழாயடியில் அவள் பேச்செடுத்ததும் கூடப் பழம் பறிக்கிற காவேரியும் பூவாயியும் சட்டியோடு வந்தார்கள். புட்டிகள் எல்லாம் அந்தச் சட்டியில் கவிழ்ந்தன. குப்பாயி நன்றாகக் கலக்கி, எல்லாருக்கும் ஒரே அளவாகத் திரும்ப ஊற்றிக் கொடுத்தாள். டாக்டர் வந்து புதுப் புட்டி கொடுத்த ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். இதைப் போய் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த சீசன் குப்பாயி சரிவேறினாள். மருந்தோ, எண்ணெயோ, சேர்வராயனோ, முட்டி கொஞ்சம் அடங்கியிருந்தது. டாக்டர் காகிதத்தில் வரைந்த ஒரு நீளக் கோட்டைக் காட்டி, இந்த முனை வலியே இல்லை, அந்த முனை பொறுக்க முடியாத வலி, உன் வலி எங்கே என்று கேட்பார். எல்லார் விரலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய் நின்றது.

சீசன் முடிந்து, காப்பிச் செடியைப் பூக்கவைக்கிற பூ மழையும் பெய்து ஓய்ந்தபிறகு டாக்டர் வாடிய முகத்தோடு வந்தார். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லையாம். ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்களாம்.

"எப்பிடிங்க வித்தியாசம் இருக்கும்? நாங்கதான் எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து பங்கு போட்டுக்கிட்டமே" என்றாள் குப்பாயி.

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க வலியப் பத்தி மட்டுந்தானுங்களே கேட்டீங்க."

முடிவு மேலே போய்விட்டது, இன்னொரு தடவை செய்ய விடமாட்டார்கள், மருந்தும் இனி வராது என்று டாக்டர் சொன்னபோதுதான் தன் கையாலேயே என்ன செய்துவிட்டோம் என்று குப்பாயிக்கு உறைத்தது. டாக்டரை நினைத்து வருத்தமாக இருந்தது. தன்னை நினைத்துப் பயமாக இருந்தது.

"அப்ப பங்கு போட்டது தப்புங்களா?"

"ஆராய்ச்சிக்குத் தப்பு" என்றார் டாக்டர். "மத்ததுக்கு எனக்குத் தெரியாதும்மா."

அடுத்த சீசனில் முட்டி வீங்கிவிட்டது. பாதிச் சரிவு ஏறியவள் அதற்குமேல் முடியாமல், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து அழுதாள். தம்பி வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மேலிருந்து இறங்கிய காவேரி தன் கூடையிலிருந்து அள்ளி அவள் கூடையில் போட்டாள். அடுத்து பூவாயி போட்டாள். பிறகு வரிசையாக எல்லாரும் போட்டுவிட்டு இறங்கினார்கள்.

சாயங்காலம் மூட்டை கட்டி வந்த பழத்தைத் தேவசிகாமணி ஒவ்வொன்றாக எடை போட்டார். பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன குப்பாயி, எல்லார் மூட்டையும் ஒரே எடை காட்டுது?"

"செடி அப்பிடிக் காச்சிருக்குதுங்க."

தேவசிகாமணி சரிவைப் பார்த்தார். அவள் முட்டியைப் பார்த்தார். தராசை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"சரி, அடுத்த மூட்டையக் கொண்டா" என்றார்.

அந்த வருஷமும் குப்பாயி அதே வீட்டில்தான் இருந்தாள்.