நவமியன்று இறங்கிய டயர்

கல்கத்தாவில் எங்கள் கட்டடத்தின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில், ஒரு வெள்ளைக் கார் ஆறு மாதமாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இடது பின் டயரில் பொட்டுக் காற்றில்லை. கண்ணாடியில் தூசி படிந்து, அதில் யார் வீட்டுக் குழந்தையோ விரலால் மீன் படம் வரைந்திருந்தது. காற்று அடித்துத் தருகிறேன் என்று மூன்றாம் மாடி தத்தா பாபு இரண்டு முறை வந்து கேட்டார். காரின் சொந்தக்காரி அலமு அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் ஒரு விலை சொன்னால் கரியாஹாட் சந்தையே மறுபேச்சுப் பேசாது, தத்தா பாபு எம்மாத்திரம்.

அலமு எனக்குப் பக்கத்து ஃப்ளாட். வங்கி வேலை என்னை இந்த ஊரில் கொண்டுவந்து போட்டது. அவள் இங்கேயே பிறந்தவள். வங்காளத்தில் சண்டை போடுவாள், தமிழில் பெருமாளைச் சேவிப்பாள். கணவர் ஸ்ரீனிவாசராகவன் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கணக்கு அதிகாரி. அவருக்கு முழங்கால் வலி வந்த வருஷத்தில் அவளே கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, கிடர்பூர் லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் புகுந்து அவரை ஆபீசில் விட்டு வந்தாள். பயம் என்பது அவளுக்கு ஒன்றே ஒன்றில்தான். ஆசாரம் தவறக் கூடாது.

சரஸ்வதி பூஜை அன்று அந்த வீட்டில் செய்தித்தாள்கூடப் பிரிக்கக் கூடாது. பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை பண்ணி, வடக்கே கொஞ்சம் நகர்த்தி வைத்த பிறகுதான் கையால் தொடலாம். அவள் பிள்ளை நரேனுக்குப் பள்ளி நாளில் ஒரு முறை பூஜைக்கு மறுநாளே பரீட்சை வந்தது. புத்தகத்தை எடுக்க விடவில்லை. அவன் நெஞ்சில் இருந்ததை எழுதிவிட்டு வந்தான். நான் அவளைக் கிண்டல் செய்வேன். உங்காத்து சரஸ்வதி படிப்பையே லீவில் அனுப்புகிறாளே என்பேன். சிரிப்பாள், ஆனால் ஒரு நூல் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ராகவன் நேர் எதிர். சாது. ஓய்வு பெற்றதும் டயருக்குக் காற்றடிக்க இணையத்தில் ஒரு சின்னக் கம்ப்ரசர் வாங்கினார். டிபன் கேரியர் அளவு, சிவப்பு நிறம். காருக்குள் சிகரெட் லைட்டர் துளையில் வயரைச் செருகி, குழாயை டயரின் வால்வில் திருகி, எத்தனை காற்று வேண்டும் என்று எண்ணை வைத்துவிட்டால் போதும். டகடகவென்று அடித்துவிட்டுத் தானே நின்றுவிடும். அதைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தில் யார் வண்டி நொண்டினாலும் இறங்கி வருவார். வங்காளிக் குழந்தைகள் அவருக்கு ஹாவா காக்கு என்று பெயர் வைத்தன, காற்று மாமா என்று. அந்தப் பெயரில் அவருக்கு ரொம்பப் பெருமை.

போன சரஸ்வதி பூஜை அன்று நான் சென்னையில் தங்கை வீட்டில் இருந்தேன். அதனால் இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்ததுதான். நமக்கு அது ஆயுத பூஜையும் கூட. இந்த ஊருக்கோ துர்கா பூஜையின் நவமி. தெரு முனையில் பந்தல், கட்டடத்தில் ஈ காக்கை இல்லை, எல்லோரும் அம்மனைப் பார்க்கப் போய்விட்டார்கள். அலமு காலையில் புத்தகங்கள், அரிவாள்மணை, கத்தரிக்கோல் எல்லாவற்றோடு அந்தக் கம்ப்ரசரையும் பலகையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். சாயங்காலம் ராகவனுக்கு நெஞ்சை அடைத்தது. வாயுவாக இருக்கும் என்று நினைத்தார்கள். டாக்டரிடம் போகலாம் என்று கீழே வந்தால் பின் டயர் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஸ்டெப்னி மாற்றக் கையாள் வேண்டும். நவமியன்று கல்கத்தாவில் கையாளுக்கு எங்கே போவது? எந்த வாடகைக் காரும் அந்தக் கூட்டத்துக்குள் வர ஒப்பவில்லை. கடைசியில் ஆம்புலன்ஸ் வந்து, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். எல்லா டாக்டரும் சொல்கிற வாக்கியம்தான். சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

நரேன் புனேயிலிருந்து ஓடி வந்தான். நானும் சென்னையிலிருந்து திரும்பினேன். பதின்மூன்றாம் நாள், உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, என் எதிரிலேயே அம்மாவிடம் கேட்டான். அந்த மெஷின் வீட்டில்தானே இருந்தது, ஏன் காற்று அடிக்கவில்லை? அலமு சுவரைப் பார்த்துக்கொண்டு, டயர் பஞ்சர், அடித்தாலும் நின்றிருக்காது என்றாள். நிச்சயமாகப் பஞ்சர்தானா என்று இன்னொரு முறை கேட்டான். ஆமாம் என்றாள். அவன் அன்று மாலையே கிளம்பிப் போனான். அதன் பிறகு தினமும் வந்த போன் வாரம் ஒன்றானது. அம்மாவை அவன் நம்பவில்லை என்று அவளுக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது.

அன்றிலிருந்துதான் அந்தக் காரை அவள் யாரையும் தொட விடவில்லை. அது பஞ்சரா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் தைரியமில்லை. துக்கம் நடந்த வீட்டில் புனர்பூஜை ஏது? மற்ற சாமான்களை யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள். கம்ப்ரசர் மட்டும் காய்ந்த சந்தனப் பொட்டோடு பலகையிலேயே இருந்தது. அதற்கு முன்னால் தினமும் விளக்கு எரிந்தது.

குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் அவள் என் கதவைத் தட்டினாள். சத்தம் கேட்டதா என்றாள். என்ன சத்தம் என்று நான் கேட்டதும் திரும்பிப் போய்விட்டாள். இப்படி நாலைந்து முறை வந்தாள். எனக்குப் பேய் பிசாசு என்றால் எரிச்சல் வரும். போய்ப் படுத்துக்கொள் என்று ஒரு நாள் விரட்டிக்கூட விட்டேன். அடுத்த வாரம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கே கேட்டது. டகடகவென்று, சுவருக்கு அந்தப் பக்கம், அவள் பூஜை அறை இருக்கும் இடத்திலிருந்து. கீழே எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை. வாசலுக்கு வந்தால் அலமு வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் பூஜை அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, பெரியவர் யாரிடமோ வசவு வாங்குகிறவள் போலத் தலை குனிந்து நின்றாள். பலகை மேல் மெஷின் சும்மாதான் இருந்தது. திரும்பி வந்து அடுப்பை அணைத்தேன்.

பங்குனி மாதம் கீழ்த்தளத்துத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடப் போவதாக அறிவித்தார்கள். எல்லா வண்டியும் வெளியேற வேண்டும். நரேன் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து காரை எடுத்து விற்றுவிடுவதாகச் சொன்னான். டயரை எப்படியும் பார்ப்பான். காற்று அடிப்பான். காற்று இறங்காமல் நின்றுவிட்டால்?

சனிக்கிழமை மத்தியானம் அலமு வந்து, கூட வரியா என்றாள். ஆறு மாதம் தாமதமாக அன்றைக்குத்தான் புனர்பூஜை செய்திருந்தாள். தயிர்சாதம் நைவேத்தியமாகக் கண்டருளப்பண்ணி, மெஷினை நாலு விரல் வடக்கே நகர்த்தியிருந்தாள். அவள் கார் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. என் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, அதில் வயரைச் செருகினோம். குழாயை அவளே திருகினாள். இரண்டு முறை நழுவியது. பொத்தானை அழுத்தினாள்.

என் ஆயுளில் ஒரு டயர் பஞ்சராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். பெருமாளே, ஒரு ஆணி, ஒரு கண்ணாடித் துண்டு, ஏதாவது இருக்கட்டும் என்று வேண்டினேன். எண் ஏறிக்கொண்டே போனது. சாய்ந்த கார் மெல்ல நிமிர்ந்தது. ஒரு டவரா காப்பி ஆற்றிக் குடிக்கிற நேரம்தான். மெஷின் தானே நின்றது. ஈரத் துணியால் டயரைச் சுற்றித் துடைத்து, காதை வைத்துக் கேட்டோம். எங்கேயும் ஒரு சின்னச் சீறல்கூட இல்லை. டயர் கல் மாதிரி இருந்தது. அன்றைக்கு யார் வீட்டுக் குழந்தையோ விளையாட்டாகக் காற்றைப் பிடுங்கி விட்டிருக்க வேண்டும்.

அலமு தரையில் உட்கார்ந்தாள்.

"அவர் கேட்டார் மாதவி. அதை எடு அலமு, ரெண்டு நிமிஷம் அடிச்சுட்டுப் போயிடலாம்னார். பூஜைல வச்சதைத் தொடப்படாது, டாக்ஸி வரும்னேன். மறுபடியும் கேட்டார். நாளைக்குப் புனர்பூஜை ஆகட்டும்னேன்."

நான் அவள் தோளைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மெல்லக் கசிகிற பஞ்சராகக்கூட இருக்கலாம், காலையில் பார்ப்போம் என்றேன் போலிருக்கிறது. அதை நானே நம்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் கீழே இறங்கினேன். எதற்கு என்று கேட்டால், சொல்லிவிடுகிறேன்: டயர் இறங்காமல் நின்றிருந்தால் காற்றைப் பிடுங்கி விடத்தான். ஒரு விதவைக்குப் பிள்ளையாவது மிஞ்சட்டும் என்று தோன்றியது. படியிலேயே சீறல் கேட்டது. அலமு ஈரத் தலையோடு டயர் முன் குத்துக்காலிட்டு, ஒரு தீக்குச்சியால் வால்வை அழுத்திக்கொண்டிருந்தாள். பூஜைப் பூ வாடியதை மாற்றாமல் வைத்தால்கூடப் பாவம் என்று நினைக்கிறவள். என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை. டயர் தரையில் அமரும் வரை நான் பக்கத்தில் நின்றேன். கீழே கிடந்த மூடியை எடுத்து நானே திருகினேன்.

நரேன் பையோடு நேராகக் கீழ்த்தளத்துக்கு வந்தான். இளைத்திருந்தான். டயரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். நேற்று நானும் மாதவியும் காற்று அடித்தோம், ராத்திரியே இறங்கிவிட்டது என்றாள் அலமு. அவன் என் பக்கம் திரும்பி, அப்படியா மாமி என்றான். நான் தலையை ஆட்டினேன்.

அவன் அம்மாவைக் கட்டிக்கொள்வான், சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் அந்த அழுக்குத் தரையில் உட்கார்ந்து, டயர் மேல் நெற்றியை வைத்து ஓவென்று அழுதான். அலமு பதறிப் போய் அவன் பக்கத்தில் குனிந்தாள். சொல்லிவிடப் போகிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. டேய் நரேன், நான் ஒண்ணு சொல்றேன் கேளு என்று ஆரம்பித்தாள். அவன் அவளை முந்திக்கொண்டான்.

"இல்லம்மா, நான் சொல்லிடறேன். அப்பா அன்னிக்கு எனக்கு போன் பண்ணினார். அம்மா மெஷினைத் தர மாட்டேங்கறா, நீ சொன்னா கேப்பாடான்னார். நான் சிரிச்சேன்மா. ஒரு நாள்தானேப்பா, அம்மாவோட சண்டை போடாதேன்னு சொல்லிட்டு மீட்டிங்குக்குப் போயிட்டேன். நெஞ்சு வலின்னு அவர் சொல்லல. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. உங்கிட்ட பேசவே பயமா இருந்தது. பஞ்சர்னு நீ சொன்னதைத்தான் கெட்டியாப் புடிச்சிண்டிருந்தேன். பஞ்சர்னா நான் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, இல்லையா?"

அலமு என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அவள் குரல் ஒரு நூல்கூட நடுங்கவில்லை.

"ஒண்ணும் ஆயிருக்காதுடா. பஞ்சர்தான். காத்து நிக்கவே இல்ல."

ஸ்டெப்னி மாற்ற ஆள் வந்தான். பழைய டயரைக் கடையில் தண்ணீரில் முக்கி ஒட்டுப் போட்டுத் தருவதாகச் சொன்னான். வேண்டவே வேண்டாம் என்று அலமு அவனை அதட்டி, தெருவில் போன பழைய சாமான்காரனைக் கூப்பிட்டு, அவன் அதை வண்டியில் ஏற்றித் தெருமுனை திரும்பும் வரை வெயிலில் நின்று பார்த்தாள்.

மத்தியானம் ரசம் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். நரேன் கூடத்தில் வெறும் பாயில், சட்டைகூட மாற்றாமல், வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவள் அழைப்பு மணியின் சுவிட்சை அணைத்துவிட்டு, வாசற்கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் தட்டி அவனை எழுப்பிவிடக் கூடாதாம். நீயும் கொஞ்சம் படுத்துக்கொள் என்று கெஞ்சினேன். அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள்.

"இவன் தூங்கட்டும். ஆத்துல ஒருத்தர் முழிச்சுண்டிருந்தா போறும்."