சட்டை மாற்றிய நேரம்

பிரசவ வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டோரீன் அண்ணாந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு இடது கை வாட்ச். பிறகு வலது கை வாட்ச். “ஏழு நிமிஷம் ஸ்லோ. போன வாரமும் ஏழுதான்” என்று பென்சிலால் குறித்துக்கொள்கிறார். அடுத்தது என் மணிக்கட்டு. கேட்காமல் கொள்ளாமல் திருப்பிப் பார்த்து, “உங்களுது நாலு நிமிஷம் ஃபாஸ்ட் சார். பத்திரிகைக்காரர் வாட்ச்சே இப்படியா?” என்கிறார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். இருபது வருடம் நர்ஸாக நின்று கால் வீங்கிய பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். பிள்ளை பெறும்போது இறந்துபோகும் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி. எதனால் இறந்தாள் என்பதை டாக்டர்கள் எழுதிவிடுகிறார்கள். காப்பாற்ற இருந்த நேரம் எங்கே தொலைந்தது என்று இவர் தேடுகிறார். “மூணே இடம்தான் சார். வீடு, ரோடு, ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளே. முதல் ரெண்டையும் சுளுவா எழுதிடுவாங்க. மூணாவதுன்னா மட்டும் பேனாவுல இங்க் தீந்துடும்.”

யாரையும் நம்புவதில்லை. கேஸ் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஆறு மணி நேரக் குறிப்புகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் ஒரு “ம்ஹும்”. நேரமெல்லாம் நாலு, நாலரை என்று நிமிடமே இல்லாமல் உருண்டையாக இருந்தால் இரண்டு “ம்ஹும்”. யாராவது டீ வாங்கிக் கொடுத்தால், இவருக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டும் என்று ஆற வைத்துவிட்டு யோசிப்பார். என் குறிப்பு நோட்டையும் வாங்கிப் படித்தார். ‘சிரித்தார்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கும் அவர்மேல் சந்தேகம் இல்லாமல் இல்லை. எழவு வீட்டில் போய் மணி கேட்கிறவரை எப்படி நம்புவது? லிங்கராஜபுரத்தில் மைக்கேல்ராஜ் வீட்டுக்குப் போன அன்று அது கோபமாகவே ஆகிவிட்டது.

மைக்கேல்ராஜ் வெல்டர். தொண்ணூற்றெட்டு ஜூலையில், நிறைமாதமாக இருந்த, பெட்டி என்ற அவர் மனைவிக்குத் திடீரென்று ரத்தம் போக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் கொண்டுபோனார். பெண் குழந்தை பிழைத்தது, பெட்டி பிழைக்கவில்லை. ‘உறவினர் தாமதமாகக் கொண்டுவந்தனர், மாலை 4.30’ என்றது கேஸ் ஷீட். அடுத்த தெருவில் இருக்கும் பெட்டியின் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். “எம் பொண்ணைக் கொன்னவன் கையில இதைக் குடுக்க மாட்டேன்” என்றாராம். மூன்று மாதமாகியும் மைக்கேல்ராஜ் மகளைத் தொட்டதில்லை.

“நான்தான் மேடம் லேட் பண்ணேன்” என்றார் மைக்கேல்ராஜ். “ஷெட்லருந்து ஓடியாந்தேன். மேலெல்லாம் கரி. இப்படியே எப்படிப் போறதுன்னு சட்டை மாத்துனேன். அதுலதான் போயிடுச்சு.”

ஒரு மனிதர் அழுதுகொண்டே குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். டோரீன் அதையும் நம்பவில்லை.

“மாத்திக் காட்டு.”

“மேடம்?”

“அன்னிக்கு மாத்துன மாதிரியே இப்ப மாத்துப்பா.”

சே, என்ன பெண்மணி இவர் என்று எனக்கு ஆகிவிட்டது. மைக்கேல்ராஜ் பட்டனைக் கழற்றினார், கொடியில் கிடந்த இன்னொரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். டோரீன் வாட்ச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அம்பத்தஞ்சு செகண்ட். அழுதுகிட்டே மாத்தியும் அவ்வளவுதான். உன்கிட்ட வாட்ச் இருந்துதா?”

“இல்லை மேடம்.”

“அப்புறம் நாலரைன்னு எப்படித் தெரியும்?”

“அவங்க சொன்னாங்க மேடம்.”

“போனவுடனே டாக்டர் பார்த்தாரா?”

“வராந்தா பெஞ்சுல படுக்க வெச்சிருந்தோம். எவ்வளவு நேரம்னு தெரியலை.”

“ம்ஹும்” என்றார் டோரீன். இரண்டு தடவை.

மறுநாள் ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேனிடம், “அண்ணா, ஸ்வல்ப புக் தோர்ஸி” என்று கன்னடத்தில் கேட்டு நோட்டை வாங்கினார். உள்ளே போகும் வண்டிகளின் நம்பரும் நேரமும் எழுதுகிற நோட்டு. “இவருக்குப் பொய் எழுதி என்ன சார் ஆகணும்?” என்றார் என்னிடம். ஆனாலும் வாட்ச்மேனின் மணிக்கட்டையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். ஜூலை மாதப் பக்கம் ஒன்றில் பெட்டி போன ஆட்டோவின் நம்பர் இருந்தது. பிற்பகல் 2.50.

டாக்டர் வந்து பார்க்கும்போதுதான் அங்கே கேஸ் ஷீட்டைத் திறப்பார்களாம். அதுவே வந்து சேர்ந்த நேரமாகிவிடும். பெட்டி பெஞ்சில் கிடந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தை அப்படியே தூக்கிப் புருஷன் தலையில் போட்டிருக்கிறார்கள்.

ஆராய்ச்சியில் கண்டதைக் குடும்பத்திடம் சொல்லக் கூடாது என்பது அவர் ஆபீஸ் விதி. டோரீன் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மைக்கேல்ராஜையும் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். வேலை போய்விடாதா என்றேன். “போகலாம். நீங்க பேரை மாத்தி எழுதுங்க” என்றார். மாற்றியிருக்கிறேன்.

பெட்டியின் அம்மா குழந்தையோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “யாரும்மா உன்னை அனுப்புனது? இவன் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தானா?”

“என்னை நம்ப வேணாம்மா. நீங்களே கேட்டுக்குப் போய் நோட்டைப் பாருங்க” என்றார் டோரீன்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜெராக்ஸை எழுத்தெழுத்தாகப் படித்தார். ஆட்டோ நம்பரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். தினமும் பார்க்கிற ஆட்டோதான். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டு அம்பதுக்கே போயிட்டீங்களா மாப்ள?”

“எனக்கே தெரியாது அத்தை.”

அந்த அம்மாள் குழந்தையை மைக்கேல்ராஜ் கையில் வைத்தார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டோரீன் தன் ஆராய்ச்சிப் படிவத்தை எடுத்தார். பிள்ளை அப்பா கைக்கு வந்த நேரத்துக்கு அதில் கட்டம் கிடையாது. ஓரத்தில் ஒன்று வரைந்தார். இடது கை வாட்ச்சைப் பார்த்தார், வலது கை வாட்ச்சைப் பார்த்தார், இரண்டும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, நான்கு நிமிடத்தைக் கழித்துவிட்டு எழுதினார்: 5.16.